இருபது எழுத்தில் நின்றுபோன பெயர்

1

பிரான்சில் வெளிநாட்டுக்காரன் குடியிருக்கப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஓர் அட்டை தருவார்கள். புதுச்சேரிக்காரர்கள் நாங்கள் அதைக் கார்த்து என்போம். என்னுடைய கார்த்து இந்த வசந்தத்தோடு முடிந்தது. முன்பெல்லாம் குளிரில் வரிசையில் நின்று புதுப்பித்தோம். இப்போது எல்லாம் இணையம். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மேசையில் உட்கார்ந்து, என் இந்தியக் கடவுச்சீட்டைப் படமெடுத்து ஏற்றினேன். பழைய கார்த்தின் எண்ணைத் தட்டினேன். திரை சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: தாங்கள் தந்த இரண்டு ஆவணங்களும் ஒரே நபருக்கு உரியவையாகத் தெரியவில்லை.

என் மனைவி ஜோசபின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தப்பா தட்டியிருப்பீங்க. மறுபடி போடுங்க."

மறுபடி போட்டேன். அதே வரி.

ஜோசபினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளுடைய தாத்தா, புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். அவள் வீட்டில் எல்லோரும் பிறவியிலேயே பிரெஞ்சுக்காரர்கள். நான் புதுச்சேரி சாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். அவளைக் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்தேன். குடியுரிமைக்கு எழுதிப்போட எத்தனையோ பேர் சொன்னார்கள். இந்தியக் கடவுச்சீட்டை விட மனம் வரவில்லை. காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சிவப்பு வரியைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் பிழைப்பே அதுதான்.

2

பாரிசுக்கு வெளியே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவுத்தளப் பராமரிப்பு என் வேலை. இலட்சக்கணக்கான ஆட்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பெரிய பெரிய அட்டவணைகளில் கிடக்கும். ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை எழுத்து கொள்ளும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். ஒரு வகைப் பத்தி இருபது எழுத்து என்றால் இருபதுதான். 'பால்' என்று சின்னப் பெயர் போட்டாலும் மீதி இடத்தை வெற்றிடத்தால் நிரப்பி வைக்கும். இன்னொரு வகை, பெயர் எவ்வளவோ அவ்வளவு மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

எல்லைக்கு மேல் நீளமான பெயரை அட்டவணைக்குள் நேராகப் போட்டால், ஒழுங்கான தரவுத்தளம் இடமில்லை என்று மறுத்துவிடும். அது நல்ல குணம். சண்டை போட்டால்தான் நமக்குத் தெரியும். ஆபத்து பங்ஷனில் இருக்கிறது. பங்ஷன் என்பது ஒரு மதிப்பை வாங்கி, அதை வைத்து ஒரு வேலை செய்து, விடை சொல்லும் சின்ன நிரல். சில தரவுத்தளங்களில் பங்ஷனின் வாசலில் இருபது எழுத்து என்று எழுதியிருந்தால், இருபத்தைந்து எழுத்தோடு வருகிற பெயரை அது திருப்பி அனுப்பாது. கடைசி ஐந்தை வெட்டிவிட்டு உள்ளே விடும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பின்னாளில் யாராவது அட்டவணையின் பத்தியை அகலப்படுத்துவார்கள். பங்ஷனின் வாசலை அகலப்படுத்த மறந்துபோவார்கள்.

கடவுச்சீட்டில் என் பெயர் லூர்து சேவியர். குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில், தாத்தா பெயரையும் அதன் பின்னால் அப்பா பெயரையும் சேர்த்து எழுதினேன்: சவரிமுத்து ஞானப்பிரகாசம். ரோமன் எழுத்தில், நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்தால் இருபத்தைந்து. நான் வந்த புதிதில் தந்த முதல் கார்த்திலேயே அது இருபதில் நின்றுவிட்டது. 'சவரிமுத்து ஞானப்ரா.' அப்போது சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். அதற்கடுத்த கார்த்தும் அப்படியே வந்தது. அப்போது இரண்டு பக்கமும் வெட்டித்தான் ஒப்பிட்டார்கள், அதனால் பொருந்தியது. இம்முறை எந்திரம் கடவுச்சீட்டை முழுதாகப் படித்திருக்கிறது. பழைய கார்த்தின் பக்கம் மட்டும் இன்னும் வெட்டுகிறது. இரண்டும் வேறு வேறு ஆள் என்று பங்ஷன் சொல்கிறது. அதனிடம் இருக்கும் எழுத்துகளை வைத்துப் பார்த்தால் அது சொல்வது சரிதான்.

என் பக்கத்து இருக்கைக்காரர் மர்த்தினிடம் சொன்னேன். நல்ல மனிதர், காப்பி எந்திரத்தடியில் பாதி நாள் நிற்பவர்.

"ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும்" என்றேன்.

"தெரியும். யார் மாற்றுவது?" என்றார் மர்த்தின். "அந்த பங்ஷனை எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். இப்போது பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. நம் அலுவலகத்தில் மட்டும் என்ன வாழ்கிறது?"

3

வழக்கமாக, விண்ணப்பம் போட்டதும் ஒரு தற்காலிகச் சான்று தானாக வரும். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், நாட்டை விட்டுப் போய்த் திரும்பலாம். எனக்கு அது வரவில்லை. நிறுவனத்தின் ஆள் நிர்வாகப் பிரிவிலிருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது: செல்லத்தக்க ஆவணம் இல்லாதவரைத் தொடர்ந்து வேலையில் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்காது, விரைவில் சமர்ப்பிக்கவும்.

அந்த வாரம்தான் என் தங்கை ரெஜினா சாரத்திலிருந்து அழைத்தாள்.

"அப்பா வழுக்கி உழுந்துட்டாருண்ணா. மோட்டார் போடப் போனாரு. தொடை எலும்பு முறிஞ்சிபோச்சி. ஆப்பரேசன் பண்ணணும்னு சொல்றாங்க."

"பேசறாரா?"

"பேசறாரு. உன்னத்தான் கேக்குறாரு. நீ எப்ப வர்றண்ணா?"

டிக்கெட் எடுக்கிறேன் என்று சொன்னேன். எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். புறப்பட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள். இங்கே ஜோசபின், மகள், வேலை. அங்கே அப்பா. தினமும் ரயிலில் போய், பிறர் பெயர்களைச் சரிபார்த்து, ரயிலில் திரும்பி வந்தேன். வேலைக்குப் போகிற வழி, கடைக்குப் போகிற வழி, எல்லாம் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான் இருந்தது.

அப்பாவை அறுவைக்கு முந்தைய நாள் தொலைபேசியில் பிடித்தேன். ரெஜினா அவர் காதில் வைத்தாள்.

"ஏன்டா வரல?" என்றார்.

"கார்த்து வரலப்பா. ஒரு பங்ஷன்ல பேரு மாட்டிக்கிச்சி."

"என்னா பங்ஷன்? யாரு ஊட்டு பங்ஷன்?"

"அந்த பங்ஷன் இல்லப்பா. கம்ப்யூட்டர்ல."

"சரி. முடிச்சிட்டு வா. சாப்பாடு நல்லா போடுவாங்களா?"

நான் விளக்கப் போகவில்லை. நல்லா போடுவாங்க என்றேன். அறுவை ஒழுங்காக முடிந்தது. அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, ஆள் இளைத்துக்கொண்டே போகிறார் என்று ரெஜினா சொன்னாள்.

4

பலமுறை முயன்று, கார்த்து தரும் அலுவலகத்தில் ஒருநாள் காலை நேரில் பார்க்க அனுமதி கிடைத்தது. முகப்பில் இருந்த அம்மாள் பிரான்சின் கடல்கடந்த தீவுகளிலிருந்து வந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. கார்த்தையும் கடவுச்சீட்டையும் அவர் முன்னால் வைத்தேன். வீட்டிலேயே பயிற்சி எடுத்து வந்த பிரெஞ்சு வாக்கியத்தைச் சொன்னேன்: பங்ஷன் என் பெயரை வெட்டுகிறது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தங்கள் பதவியா? எந்தப் பதவி?"

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு உத்தியோகம் என்றும் பொருள். இத்தனை வருடம் இங்கே இருந்தும், பதற்றத்தில் வாய் இப்படித்தான் போய் விழுகிறது. தாளில் இரண்டு பெயரையும் எழுதி, இருபதாவது எழுத்துக்குப் பிறகு ஒரு கோடு போட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"என் கண்ணுக்கு இது ஒரே ஆள்தான். ஆனால் திரை ஒத்துக்கொள்ளாது" என்றார்.

"அதைச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? ஒரு எண்ணை மாற்றினால் போதும். என்னால் காட்ட முடியும்."

"எனக்கு மேலே ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. அதை நானே அழைத்துப் பார்த்திருக்கிறேன். இசைதான் வரும்."

பிறகு குரலைத் தாழ்த்தி இரண்டு வழி சொன்னார். முதல் வழி, பிரான்சில் உள்ள என் எல்லாப் பதிவுகளையும் முழுப் பெயருக்குத் திருத்துவது. திருமணப் பதிவு, வரி, மகளின் பிறப்புப் பதிவு வரை. மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நகர முடியாது. இரண்டாவது, என் பெயர் 'சவரிமுத்து ஞானப்ரா' தான் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுவது. அப்படிச் செய்தால் அவரால் கையால் முடித்துவிட முடியும். கார்த்து உடனே வரும். ஆனால் ஓராண்டுக்குள் இந்தியக் கடவுச்சீட்டையும் அதே பெயருக்கு மாற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கார்த்து செல்லாது.

"வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்றார்.

5

மகள் கிளேருக்கு அப்போது பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளி கைப்பந்து அணியில் ஆடுபவள். அவள் பிறந்தபோது நகராட்சியில், நம் ஊரில் மேரி என்போமே அங்கே, என் கார்த்தைப் பார்த்துத்தான் பதிந்தார்கள். ஆக அவளுடைய சட்டப்பூர்வக் குடும்பப் பெயரே அந்த வெட்டுப்பட்ட பெயர்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஞானப்ராவின் முதல் எழுத்துகளை நம் 'ஞ' போலவே அழகாக உச்சரிப்பார்கள். சென்னையில் ஆங்கிலம் படித்தவர்கள் 'ஜிநானா' என்று குழறுவதை இங்கே கேட்க முடியாது. அவளுடைய தோழிகள் மைதானத்தில் ஞானப்ரா, ஞானப்ரா என்றுதான் கத்துவார்கள்.

சாப்பாட்டு மேசையில் முதல் வழியைச் சொன்னேன். உன் பெயரையும் சேர்த்துத் திருத்தி விடலாம், அதுதான் சரியான பெயர் என்றேன்.

கிளேர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். தமிழ் நன்றாகப் புரியும். பதில் பிரெஞ்சில்தான் வரும்.

"என் தேர்வுப் பதிவு, என் அடையாள அட்டை, நான் மேற்படிப்புக்குப் போட்ட விண்ணப்பம், எல்லாம் இந்தப் பெயரில் இருக்கிறது. எதற்கு மாற்றணும்?"

"அது தாத்தா பேரும்மா. பாதியில வெட்டிட்டாங்க."

"உங்களுக்கு அது வெட்டின பெயர், பப்பா. எனக்கு அது பெயர்."

ஜோசபின் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், மேலே பேசாதீர்கள் என்பது போல. பிறகு பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "அவ கேக்கறதுல தப்பு இல்லீங்க. உங்களுக்கும் நேரமில்ல. மாமா இருக்கும்போது போய்ப் பாருங்க. பேரப் பொறவு பாத்துக்கலாம்."

நான் முழுப் பெயரில் நின்றால் மகளின் பெயர் வேறு, என் பெயர் வேறு ஆகிவிடும். மகளோடு நின்றால் அப்பாவின் பெயரைக் கைவிட்டதாகும். எந்தப் பக்கம் போனாலும் ஒருவர் எனக்கு யாரோ ஆகிவிடுவார். இந்த வேலையை வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. யாரையாவது திட்டலாம் என்றாலும் ஆள் இல்லை.

அடுத்த வாரம் போய்க் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாள் தாளை வாங்கிக்கொண்டு, "மன்னிக்கவும், ஐயா" என்றார். அவர் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. வெளியே வந்து நிறுத்தத்தில் நின்றேன். என் பேருந்து வந்து, நின்று, போனது. ஏறத் தோன்றவில்லை.

6

கார்த்து கைக்கு வந்தது. தேர்வு முடிந்ததும் கிளேரும் என்னோடு சாரத்துக்கு வருகிறேன் என்றாள். நான் கூப்பிடவில்லை. அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

அப்பாவைக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "பங்ஷன் முடிஞ்சிதா?" என்றார். முடிந்தது என்றேன். ஆலை மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்கு மிதிவண்டியிலேயே போய் வந்த ஆள். இப்போது திரும்பிப் படுக்க ரெஜினாவின் கை வேண்டியிருந்தது.

மூன்றாம் நாளோ என்னவோ, கிளேர் தன் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவருக்குக் கஞ்சி எடுத்து வந்தாள். திரும்பிப் போகும்போது முதுகில் இருந்த எழுத்துகளை அப்பா பார்த்துவிட்டார்.

"பாப்பா, இங்க வா. திரும்பி நில்லு."

அவள் நின்றாள். அப்பா ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பவர். விரலால் காற்றில் தடவிக்கொண்டே படித்தார். "ஞா... ஞான... ஞானப்ரா. அதுக்கப்புறம் எங்க?"

கிளேர் என்னைப் பார்த்தாள். இதை எப்படிச் சொல்வது என்று விமானம் முழுக்க யோசித்து வந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"இடம் பத்தலப்பா. கம்ப்யூட்டர்ல இருபது எழுத்துதான் ஏறிச்சி. மீதிய வெட்டிடிச்சி. இப்ப எனக்கும் அதான் பேரு. எழுதிக் குடுத்துட்டேன்."

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். வாய்க்குள் பெயரைச் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது.

"வெட்டுனது எது? காசமா?"

"ஆமாப்பா. காசம்னு வர்ற எழுத்துங்கதான்."

"போவட்டும்டா. எங்க மில்லுல பாதிப் பேருக்கு அதுதான் இருந்துது. காசம் வுட்டுப் போனா நல்லதுதான."

சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ரெஜினாவும் சிரித்தாள். கிளேருக்கு நகைச்சுவை விளங்கவில்லை, ரெஜினா அந்த நோயைப் பற்றிச் சொன்ன பிறகு அவளும் சிரித்தாள். "நல்லாதான் இருக்குது. கூப்புட லேசா இருக்குது" என்று அப்பா அவளிடம் சொன்னார். அன்று முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஞானப்ரா என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். வெட்டுப்பட்டது அவருடைய பெயர், அவருக்கு வருத்தமில்லை. அந்தப் பெயரோடு வளர்ந்தவள் என் மகள், அவளுக்கும் குறையில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருவன்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நியாயமாக அங்கேயே விட்டிருக்க வேண்டும். கை விடவில்லை.

7

திரும்பி வந்த பிறகு எங்கள் நிறுவனத்தில் பழைய அட்டவணைகளைப் புதிய தளத்துக்கு மாற்றும் வேலை வந்தது. பங்ஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வாசலில் இருந்த இருபதுகளை எல்லாம் அகலப்படுத்தினேன். மர்த்தின் பாதியை வாங்கிச் செய்தார். ஆப்பிரிக்கப் பெயர்கள், வியட்நாம் பெயர்கள், ஸ்பானியப் பெயர்கள், பாதியில் நிற்கும் நம் ஊர்ப் பெயர்கள். இடத்தைக் கூட்டிவிட்டோம். ஆனால் முன்பு வெட்டுப்பட்ட எழுத்துகள் எங்கேயும் சேமிக்கப்படவில்லை. உரியவர் வந்து சொன்னால்தான் உண்டு. எத்தனை பேர் வந்து சொல்வார்கள்?

அடுத்து, பாரிசிலேயே இந்தியக் கடவுச்சீட்டை மாற்றப் போனேன். விண்ணப்பம் வாங்கும் முகப்பில் இருந்த இளைஞர் ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழ் என்றதும் தமிழுக்கு வந்தார். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் என்று ஒரு வரி உண்டு. அதைக் காட்டினார்.

"சார், உங்க புதுப் பேரு ஞானப்ரா. அப்பா பேரு ஞானப்பிரகாசம்னு இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகல. இவர் உங்க அப்பாதான்னு ஒரு ஆதாரம் வேணும்."

"பிறப்புச் சான்று இருக்கே."

"அதுல பழைய பேரு சார். அது அந்தப் பேர்ல இருக்கறவருக்குத்தான் ஆதாரம்."

"அந்தப் பேர்ல இருந்தவன் நான்தானே."

"தெரியுது சார். எனக்குத் தெரியுது. உங்க அப்பா இருக்காரா? அவர்கிட்ட ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிட்டு வாங்க. இன்னார் என் மகன்தான்னு."

ரெஜினாவிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. அவள் தயங்கவில்லை. ஆட்டோ பிடித்து, அப்பாவைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி, நோட்டரி வக்கீலிடம் கொண்டுபோனாள். வழியெல்லாம் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அவர் முனகினார் என்று பிறகுதான் சொன்னாள். வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, முறைப்படி அப்பாவிடம் கேட்டிருக்கிறார்: "பெரியவரே, பேரு வேறயா இருக்குது. இவன் உங்க மகன்தானா?"

அப்பா சொன்னாராம்: "பேரப் பாத்தா சார் புள்ள பெத்துக்கறாங்க?"

வக்கீல் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்திக் கொடுத்தார்.

பத்திரம் வந்து சேர்ந்தது. முகப்பு இளைஞர் அதை வாங்கிக்கொண்டு, என் பழைய கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டார். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. வாரங்கள் போய்விட்டன, செய்தி மாறவில்லை. இப்போது என்னிடம் கார்த்து இருக்கிறது, கடவுச்சீட்டு இல்லை.

நேற்று ரெஜினா அழைத்தாள். அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றாள்.

"எப்ப வர்றன்னு கேக்குறாருண்ணா."

"பேரு வந்ததும் வந்துடறேன்னு சொல்லு."

அதை அவள் அப்படியே அவரிடம் சத்தமாகச் சொல்வது கேட்டது. அவர் ஏதோ சொன்னார். விசிறியின் இரைச்சலில் அது என் காதில் விழவில்லை. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணா" என்றாள் ரெஜினா.